தூங்குகிறவர்கள் எந்தக் கட்சி?

வணக்கம் ஐயா,

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்து நாளாகிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. என் அக்கா மகன் பிட்ஸ்பர்க் புறநகரில் இருக்கிறான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன். 2020இல் ஓட்டுப் போட்டான், 2022 நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சோம்பேறித்தனத்தில் போகவில்லை. 2024 அக்டோபர் முழுக்க அவன் வீட்டுக் கதவை யாராவது வந்து தட்டிக்கொண்டே இருந்தார்களாம், போனில் ஓயாமல் குறுஞ்செய்தி வேறு. அவனோ கமலா ஹாரிஸுக்குத்தான் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவன். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தங்கை வீட்டை ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏற்கெனவே முடிவு செய்தவனிடம் போய் ஏன் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறார்கள்?

இன்னொன்று. பைடன் 2020இல் 8 கோடி ஓட்டுக்கும் மேல் வாங்கினார், கமலா ஏழரைக் கோடிதான். “டிரம்ப் ஜெயிக்கவில்லை, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், எல்லோரும் வந்திருந்தால் கதையே வேறு” என்கிறார்கள் நண்பர்கள். கமலாவின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை போட்டவர்களும் இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அக்கா மகனின் மனதை மாற்ற யாரும் வரவில்லை. அவன் கமலா பக்கம்தான் என்பதைக் கதவைத் தட்டியவர்கள் ஓரளவு ஊகித்தே வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது, அன்றைக்கு எழுந்து போய்ப் போடுவானா என்பதுதான்.

பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் வாக்காளர் பட்டியலைத் தேர்தல் வேலைக்காகச் சொற்பக் கட்டணத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார், இதுவரை எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார், எல்லாம் அதில் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இருக்காது. இந்தப் பட்டியலோடு கடையில் விலைக்குக் கிடைக்கும் மற்ற தகவல்களையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண் போடுகிறார்கள். நமக்குப் போட எவ்வளவு வாய்ப்பு, ஓட்டுப் போட வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு. 2012இல் ஒபாமாவின் சிகாகோ அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் போட்ட அறைக்கு ‘குகை’ என்றே பெயர்.

இரண்டு மதிப்பெண்ணும் அதிகமாக இருப்பவரின் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், அவர் எப்படியும் போட்டுவிடுவார். ஆதரவு மதிப்பெண் குறைவாக இருந்தாலும் வரமாட்டார்கள், எதிராளியின் ஓட்டை எழுப்பிவிட்ட பாவம் எதற்கு? முதலாவது கூடுதலாகவும் இரண்டாவது நடுத்தரமாகவும் இருப்பவர்தான் குறி. 2020இல் வந்து 2022இல் வராத உங்கள் பிள்ளை அதற்கு அளவெடுத்துத் தைத்த ஆள். தபால் ஓட்டை முதல் வாரமே அனுப்பியிருந்தால் தொல்லை பெரும்பாலும் நின்றிருக்கும். யாருடைய ஓட்டு வந்து சேர்ந்தது என்ற விவரம் கட்சிகளுக்கு அவ்வப்போது போய்விடுகிறது, பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பார்கள்.

தங்கை விஷயம் சுலபம். அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் ஓட்டு, மாநிலத்தில் முந்துகிறவருக்கு அநேகமாக எல்லா மாநிலங்களிலும் அது மொத்தமாகப் போய்விடும். கலிஃபோர்னியாவின் 54 தேர்வாளர் ஓட்டும் எப்படியும் ஜனநாயகக் கட்சிக்குத்தான். வித்தியாசம் முப்பது சதவீதமா இருபது சதவீதமா என்பதால் ஒன்றும் மாறாது. பென்சில்வேனியாவின் 19 அப்படி இல்லை.

சரி, எழுப்புவது எப்படி? இதில் எனக்குப் பிடித்த (கொஞ்சம் பயமுறுத்தும்) ஒரு பரிசோதனை உண்டு. 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு முதல்நிலைத் தேர்தல் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்). ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் சுமார் 1,80,000 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு லட்சம் வீட்டுக்கு எதுவும் அனுப்பவில்லை, மீதியை நான்காகப் பிரித்து நான்கு விதக் கடிதம் அனுப்பினார்கள். ஒன்றில் “ஓட்டுப் போடுவது குடிமகனின் கடமை” என்ற வழக்கமான பாட்டு. இன்னொன்றில் “உங்களை ஆய்வு செய்கிறோம்”. மூன்றாவதில் அந்த வீட்டாரின் பெயர்களும் போன தேர்தல்களில் யார் போட்டார், யார் போடவில்லை என்ற குறிப்பும். நான்காவதுதான் விவகாரமானது. உங்கள் வீட்டு விவரத்தோடு அக்கம்பக்கத்தாரின் விவரமும் அதில் இருந்தது. “தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் அனுப்புவோம், உங்களுக்கும் உங்கள் பக்கத்து வீட்டாருக்கும்” என்று ஒரு வரி.

கடிதமே போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கடமையை நினைவூட்டியதில் 31.5. அக்கம்பக்கம் பார்க்கும் என்றதும் 37.8! வேட்பாளர் பெயரில்லை, கொள்கையில்லை, ஒரு துண்டுக் காகிதம் எட்டு சதவீதத்தைக் கூட்டிவிட்டது. வெட்கம் எவ்வளவு பெரிய விசை பாருங்கள்.

அரசியல்வாதிகள் இதைப் பிடித்துக்கொள்ளாமல் விடுவார்களா? 2016இல் அயோவா மாநிலத்தில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற டெட் குரூஸின் ஆட்கள் அரசாங்க நோட்டீஸ் போன்ற தோற்றத்தில் ‘வாக்களிப்பு மீறல்’ என்று தலைப்பிட்டு, வாக்காளருக்கும் அண்டை வீட்டாருக்கும் பள்ளிக்கூட ரேங்க் அட்டை மாதிரி மதிப்பீடு போட்டு அனுப்பினார்கள். மாநிலத் தேர்தல் அதிகாரியே கண்டித்தார். குரூஸ் அங்கே ஜெயித்தது வேறு கதை.

மனதை மாற்றும் வேலையின் நிலவரம் இதற்கு நேர் எதிர். ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 2018இல் 49 களப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுத்தேர்தலில் வீடு வீடாகப் போவதும் போன் செய்வதும் கடிதம் அனுப்புவதும் யாருக்குப் போடுவது என்ற முடிவை மாற்றுகிறதா என்பது கேள்வி. சராசரி பூஜ்யத்தை ஒட்டி வந்தது. அதனால்தான் இரண்டு கட்சியின் தேர்தல் குழுக்களும் எழுப்பும் வேலையில் இவ்வளவு காசைக் கொட்டுகின்றன. இத்தனைக்கும் மனம் மாறியவரின் ஓட்டுக்கு மதிப்பு இரட்டிப்பு, நமக்கு ஒன்று கூடுகிறது, எதிராளிக்கு ஒன்று குறைகிறது. தூக்கத்திலிருந்து எழுப்பியவர் ஒன்றுதான். ஆனால் அந்த இரட்டிப்பு ஓட்டைப் பிடிக்க வழி தெரிந்தால்தானே.

இனி உங்கள் நண்பர்களின் கணக்கு. “நம் ஆட்கள் வரவில்லை, அதனால் தோற்றோம்” என்பது தோற்ற கட்சிக்கு எப்போதுமே இனிக்கும் விளக்கம். நம்மை யாரும் வெறுக்கவில்லை, கொஞ்சம் சோம்பினார்கள், அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது அல்லவா? 2016க்கு அது ஓரளவு பொருந்தவும் செய்தது. வேட்பாளரான பிறகு ஹிலாரி கிளிண்டன் விஸ்கான்சின் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. அந்த மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 2012ஐவிட சுமார் 40,000 ஓட்டுக் குறைந்தது. மாநிலம் கைவிட்டுப் போனது 22,748 ஓட்டில்.

2024இல் அந்தப் பிழையைச் செய்யவில்லை. கமலா விஸ்கான்சினுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். ரிப்பன் என்ற சின்ன ஊரில், குடியரசுக் கட்சி பிறந்ததாகச் சொல்லப்படும் அதே ஊரில், அந்தக் கட்சியின் லிஸ் செனியைப் பக்கத்தில் நிறுத்திப் பேசினார். (இது எழுப்பும் வேலை இல்லை, மாற்றும் வேலை. நல்ல மேடை, நல்ல புகைப்படம். பலனுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.) பைடன் 2020இல் அந்த மாநிலத்தில் வாங்கியது 16.31 லட்சம். கமலா வாங்கியது 16.68 லட்சம். கூடுதல்! பைடன் ஜெயித்தார், கமலா ஏறக்குறைய 29,000 ஓட்டில் தோற்றார். ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் இதே கதை, பைடனைவிட அதிக ஓட்டு வாங்கித் தோல்வி.

அப்படியானால் காணாமல்போன அந்த 60 லட்சம் எங்கே? பெரும்பகுதி பிரச்சாரமே நடக்காத இடங்களில். கலிஃபோர்னியாவில் மட்டும் சுமார் 18 லட்சம், நியூயார்க்கில் 6 லட்சம். உங்கள் தங்கை ஊரில் எத்தனை பேர் கூடுதலாக வந்திருந்தாலும் டிரம்ப்தான் அதிபர். போட்டி இருந்த மாநிலங்களில் மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் அரிசோனாவிலும் கமலாவுக்குக் குறைந்தது உண்மை. அதிலும் எல்லாமே தூக்கம் இல்லை. டியர்பார்னைப் பாருங்கள், அரபு அமெரிக்கர்கள் நிறைந்த மிச்சிகன் நகரம். காசா போரின் கோபத்தில் அங்கே டிரம்புக்கு 42 சதவீதம், கமலாவுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. அவர்கள் தூங்கவில்லை, நன்றாக விழித்திருந்துதான் வேறு பக்கம் போனார்கள்.

விஸ்கான்சினில் நடந்தது என்னவென்றால், டிரம்புக்கு 87,000 கூடியது. இதே மாதிரி இருபது வருஷம் முன்பும் நடந்திருக்கிறது. 2000 தேர்தலில் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் 40 லட்சம் பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள் என்று புஷ்ஷின் ஆலோசகர் கார்ல் ரோவ் நம்பினார். 2004இல் அவர்களைத் தேடிப் போனார்கள். ஒருபால் திருமணத்தைத் தடைசெய்யும் தீர்மானம் அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று ஒஹையோ உட்பட 11 மாநிலங்களில் ஓட்டுக்கு வந்தது. அதுவே புஷ்ஷைக் கரையேற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரியின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஒஹையோவில் கேம்பியர் என்ற கல்லூரி ஊரில் இரண்டே இயந்திரம், மாணவர்கள் நள்ளிரவு தாண்டியும் வரிசையில் நின்றார்கள், சிலர் பத்து மணி நேரம்வரை. ஊக்கத்துக்குக் குறைவா? அந்த மாநிலத்தில் 2000இல் அதே கட்சியின் அல் கோர் வாங்கியதைவிட ஐந்தரை லட்சம் அதிகம் வாங்கினார் கெர்ரி. தோல்வி சுமார் 1,18,000 ஓட்டில்.

தன் வீட்டுத் தூக்கத்தை மட்டும் எண்ணுகிற கட்சிக்கு இதுதான் நேர்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், வராதவர்கள் யார் என்பதே மாறிவிட்டது. கூட்டம் அதிகம் வந்தால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம் என்பது நெடுநாள் நம்பிக்கை. பியூ ஆய்வு மையம் கேட்டுப் பார்த்ததில், 2020இல் வராதவர்களில் பைடனை விரும்பியவர்கள் 46 சதவீதம், டிரம்பை 35. 2024இல் வராதவர்களிடம் கேட்டால் டிரம்ப் 44, கமலா 40. உங்கள் நண்பர்கள் ஆசைப்பட்டபடி எல்லோரும் வந்திருந்தாலும் டிரம்ப்தான் முந்தியிருப்பார். டிரம்பின் ஆட்கள் இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டார்கள். செய்தி பார்க்காத, ஓட்டுச்சாவடி பக்கம் அபூர்வமாக வருகிற இளைஞர்களைத் தேடித்தான் ஜோ ரோகனின் பாட்காஸ்டில் டிரம்ப் சுமார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார். கூட்டத்தை எதிர்க்கட்சி நம்பியிருக்க, அந்தக் கூட்டத்தையே அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆனால் இப்படிச் சேர்த்த கூட்டம் கட்சிக்குச் சொந்தமாகிவிடுமா? 2025 ஏப்ரலில் அதே விஸ்கான்சினில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கான தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சி ஆதரித்த வேட்பாளருக்காக ஈலான் மஸ்க் தரப்பு 2 கோடி டாலருக்கு மேல் இறைத்தது, மஸ்க்கே கிரீன் பே நகருக்கு வந்து பத்து லட்சம் டாலர் காசோலைகளை நீட்டினார். நவம்பரில் 34 லட்சம் பேர் வந்த மாநிலத்தில் அன்றைக்கு வந்தது சுமார் 24 லட்சம். ஜனநாயகக் கட்சி ஆதரித்த சூசன் கிராஃபோர்ட் பத்து சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். டிரம்புக்காக எழுந்து வந்தவர்களில் பலர், சீட்டில் அவர் பெயர் இல்லாத நாளில் வரவில்லை. 2028இல் அவர் பெயர் இருக்கப்போவதில்லை. இப்போது தூக்கம் கலைப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது குடியரசுக் கட்சியின் ஆட்கள்தான்.