கன்னத்துச் சைனஸ் பெரிதானால் ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஒரு வருடமாக வலது கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்துக்கொண்டே வருகிறது. வலி இல்லை, அந்தப் பக்க மூக்கு மட்டும் அடிக்கடி அடைக்கிறது. சி.டி. ஸ்கேன் பார்த்த டாக்டர், "சைனஸ் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது, உள்ளே வெறும் காற்றுதான், ஆபரேஷன் செய்யலாம்" என்கிறார். இது கட்டியா? முகத்தைக் கிழிப்பார்களா? இப்போதே செய்தாக வேண்டுமா?

பதில்: சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும், மூக்கோடு இணைந்த காற்றறை. உள்ளே வெறும் காற்றுதான் என்றால் கட்டி இல்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காற்று கறுப்பாகத் தெரியும். சளியோ சதையோ இருந்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும். சளி தேங்கிப் புடைக்கும் சைனஸ் வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் 'நியூமோசைனஸ் டைலட்டன்ஸ்', அதாவது காற்றால் சைனஸ் அளவுக்கு மீறி விரிவது. அபூர்வமானது. வழக்கமாக நெற்றிச் சைனஸில், இளைஞர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான விடை இல்லை. சைனஸின் வாசல் சைக்கிள் டியூப் வால்வு போல ஆகி, காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் செய்கிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

'ஆபரேஷன்' என்ற ஒரே சொல்லில் இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த வாசலைத் திறந்துவிடுவது. முழு மயக்கம் கொடுத்து, மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) விட்டுச் செய்வார்கள். முகத்தில் கத்தி படாது. புடைப்பு வளர்ந்துகொண்டே போகிறது, மூக்கும் அடைக்கிறது என்கிறீர்களே, அதனால் இதை நான் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, துருத்திய எலும்பைச் செதுக்கி முகத்தைச் சீராக்குவது. இதற்கு அவசரமே இல்லை. 11 வயதில் முக எலும்பு இன்னும் வளர்கிறது. நிலைப்பற்கள் சில மேல்தாடைக்குள்ளேயே இருக்கலாம், அவற்றில் அடிபடக் கூடாது. காற்றழுத்தம் குறைந்தபின் புடைப்பு வளராமல் நின்றாலே பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் கன்னம் தானாக முழுதும் ஒடுங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளியில் கேலி செய்து பையன் மனம் வாடினால், அப்போது பேசிக்கொள்ளலாம். அதுவும் ஒரு காரணம்தான். அப்போதும் மேலுதட்டுக்கு உட்புறம், ஈறுக்கு மேலே கீறித்தான் பெரும்பாலும் செய்வார்கள். தழும்பு வெளியே தெரியாது.

முதலில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்குழியின் தரைதான் இந்தச் சைனஸின் கூரை. இரட்டையாகத் தெரிகிறது, பார்வை மங்குகிறது, ஒரு கண் மேலே தள்ளியிருக்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் வீட்டு வேலை உங்களுடையது. டாக்டர் சொல்லும்வரை பையன் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சொல்லிக்கொடுத்தபடி உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். முதல் சில நாள் கறுத்த ரத்தக்கட்டி வரும், பயப்படாதீர்கள். புது ரத்தம் நிற்காமல் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.