சிப்பாய் ஸ்னாஃபுவும் வால் பக்கம் சுடும் வித்தையும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை எடுத்த கார்ட்டூன் பயிற்சிப் படங்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கல்லூரி மாணவி: போர்க்களம் போகிறவர்களுக்குக் கார்ட்டூன் எதற்கு சார்? ஒரு கையேடு போதாதா?

கையேடும் கொடுத்தார்கள் அம்மா, யார் படித்தது! பிரைவேட் ஸ்னாஃபு என்ற கடைநிலைச் சிப்பாயை வைத்து 1943 முதல் மூன்று நான்கு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துத் தள்ளினார்கள். நல்லது சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. ரகசியத்தை உளறுவான், கொசு மருந்து பூசமாட்டான், சில படங்களில் செத்தே போவான். 'இப்படிச் செய்' என்று அதிகாரி அதட்டினால் எரிச்சல்தான் வரும். இவன் படுகிற பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும், விஷயமும் மண்டையில் ஏறும்.

சினிமா ரசிகர்: டிஸ்னி எடுத்ததுதானே?

இல்லை. டிஸ்னியைவிடக் குறைந்த தொகை கேட்டு வார்னர் கார்ட்டூன் கூடம் வாங்கிக்கொண்டது. சக் ஜோன்ஸ், ஃப்ரிஸ் ஃப்ரெலெங் போன்றவர்கள் இயக்கினார்கள். குரல் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் உங்கள் காது சரிதான், அதற்கும் குரல் இவர்தான். பல கதைகளை எழுதிய தியோடர் கைசல், குழந்தை நூல்களால் உலகம் அறிந்த டாக்டர் சூஸ். டிஸ்னியும் சும்மா இருக்கவில்லை; விமானத் தகட்டில் ரிவெட் ஆணி அடிப்பதற்குக்கூடப் படம் எடுத்துக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: கேமராவால் முடியாத எதையாவது இவை கற்றுக்கொடுத்தனவா?

நான் காத்திருந்த கேள்வி ஐயா! 1944-இல் விமானப்படையின் சினிமாப் பிரிவு எடுத்த 'பொசிஷன் ஃபயரிங்' பாருங்கள். ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக மாங்கொட்டையைக் குப்பைத்தொட்டியில் போடப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டி நேரே வந்ததும் எறிந்தால் தாண்டிப்போய் விழும். பஸ்ஸின் வேகம் கொட்டைக்கும் உண்டே. குண்டுவீச்சு விமானத்தின் பக்கவாட்டில் நின்று சுடுகிறவனுக்கும் இதே சங்கடம். வாத்து வேட்டைப் பழக்கத்தில் இலக்குக்கு முன்னால் குறிவைப்பான். ஆனால் எதிரி வளைந்து இவன் விமானத்தை நோக்கியே வருகிறான். அதனால் அவன் பக்கவாட்டில் நகர்வதைவிடத் இவன் விமானத்தின் வேகத்தால் தோட்டா முன்னால் தள்ளிப்போவது அதிகம். ஆகவே எதிரிக்கும் தன் விமானத்தின் வாலுக்கும் இடையில் குறிவைக்க வேண்டும். மனசு ஒப்புகிற விஷயமா இது? படத்தில் ட்ரிகர் ஜோ என்ற மந்தப் பேர்வழிக்கும் ஒப்பவில்லை. தோட்டாவின் பாதையைக் கோடாக வரைந்து காட்டிய பிறகுதான் புரிகிறது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஒரு அப்பா: என் ஏழு வயதுப் பையனுக்கு ஸ்னாஃபு போட்டுக் காட்டலாமா?

வேண்டாம் தம்பி. சிப்பாய்கள் மட்டுமே பார்க்கப்போகிறார்கள் என்பதால் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இவற்றுக்குப் பொருந்தவில்லை. கொச்சை நகைச்சுவை நிறைய. ஜப்பானியரை வரைந்திருக்கும் விதமோ படுகேவலம். முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள்.