மேலே படித்தால் நோயாளிகளை விட்டுப் போய்விடுவேனா?

அன்புள்ள அக்கா,

பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாக இருக்கிறேன். வயது 36. தினமும் இனிப்புநீர், ரத்தக் கொதிப்புக்காரர்களைத்தான் பார்க்கிறேன். முதுகலை படிக்க ஆசை. அமெரிக்காவில் குடும்ப நலத் தாதிமைக்கென்றே முதுகலை இருக்கிறது, இணையத்திலேயே படிக்கலாம் என்கிறாள் தோழி. "மேல படிச்சா ஆபிஸ்ல உட்கார வச்சிருவாங்க" என்கிறார் மாமியார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. என்ன செய்யட்டும்?

எஸ்., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. பதவி உயர உயரப் பணி அட்டவணை, ஆள் கணக்கு, கூட்டம் என்று நோயாளியைவிட்டு விலகிப் போகும் பாதை ஒன்று இங்கே உண்டு. கைராசிக்காரத் தாதிகள் பலர் அப்படிப் போனதைப் பார்த்து எனக்கு வருத்தம்தான். ஆனால் நீங்கள் நினைக்கும் முதுகலை உங்களை நோயாளியிடம் இன்னும் நெருக்கமாகத்தான் கொண்டுபோகும். முதுகலை முடித்து ஏபிஎன் எனப்படும் உயர்நிலைத் தாதி (Advanced Practice Nurse) ஆனவர் நோயாளியைத் தானே பரிசோதிப்பார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார், முடிவைப் பார்த்து அடுத்தது என்ன என்று தீர்மானிப்பார். 2018 முதல், அதற்கான தனிப் பயிற்சியும் முடித்தவர்கள் மருத்துவர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்த வரம்புக்குள் மருந்தும் எழுதலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை போட்டால் வயிறு கலக்குகிறது, பேருந்தில் போக முடியவில்லை என்று வெளியே கிளம்பும் நாளெல்லாம் மாத்திரையை விட்டுவிடும் தாத்தாக்கள் எத்தனை பேர்! மருத்துவரிடம் "ஒழுங்கா சாப்பிடறேன்" என்பார்கள். உங்களிடம், அதுவும் தமிழில் கேட்டால், உண்மை வரும். இன்று அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்கிறீர்கள். நாளை சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி நீங்களே மாற்றலாம்.

சரி, தோழி சொன்ன பட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இதன் வரலாறு பெருமைக்குரியது. 1965ல் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் கொலராடோவில் தொடங்கிவைத்த வழி அது. இன்று அந்தப் படிப்பை முடித்தவர்கள் கைக்குழந்தை முதல் முதியவர்வரை பார்க்கிறார்கள். ஆனால் இணையவழி என்பது பாடங்களுக்கு மட்டும்தான். 2022ல் வந்த தரநிலைப்படி குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரில் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த நாட்டுத் தாதி உரிமமும் கேட்பார்கள். குடிபெயரும் எண்ணம் இல்லையென்றால் அது வேண்டாம். இங்கே ஏபிஎன் சான்று கொடுப்பது சிங்கப்பூர்த் தாதிமை வாரியம். அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்காமல் எந்த வெளிநாட்டுப் படிப்புக்கும் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003லேயே தாதிமை முதுகலை தொடங்கிவிட்டது. உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பட்டம் வாங்கிய மறுநாளே ஏபிஎன் ஆகிவிட முடியாது. மேற்பார்வையில் ஒரு பயிற்சிக்காலம், அப்புறம் வாரியத்தின் மதிப்பீடு. பொறுமை வேண்டும். 36 இதற்கு நல்ல வயது; நோயாளி சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்திருக்கும்.

பெரும்பாலோர் வேலையிடத்தின் ஆதரவோடுதான் படிக்கிறார்கள். அதனால் முதலில் உங்கள் தாதிமை மேலாளரிடம் பேசுங்கள். எத்தனை ஆண்டு கட்டுப்பாட்டு ஒப்பந்தம், படித்தபின் எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் விரும்புவது வருடக்கணக்கில் அதே குடும்பங்களைப் பார்ப்பது. மருத்துவமனைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் அது கிடைக்காது.