குழந்தை இலக்கியத்தின் நோக்கம் நீதி புகட்டுவதா, மகிழ்விப்பதா?

பிள்ளைக்கு வாங்கிய புத்தகங்களின் பின்னட்டையிலெல்லாம் 'நற்பண்புகளை வளர்க்கும் கதைகள்' என்று படித்துச் சலித்துப்போன பிறகுதான் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஆய்வாளன் அல்லன். சிறுவர்களுக்குச் சில கதைகள் எழுதியவன், அவற்றுள் ஒன்றுக்கு நேர்ந்த கதியை இன்னும் மறக்க முடியாதவன்.

அந்தக் கதையில் ஒரு சிறுவன் சுவர்க்கடிகாரத்தின் நிமிட முள்ளை உடைத்து ஒளித்து வைத்துவிடுகிறான். யாரும் அவனைக் கேட்பதில்லை. வீட்டார் எல்லோரும் மணியை உத்தேசமாகச் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு சிறுவர் இதழுக்கு அனுப்பினேன். "இதனால் பிள்ளைகள் அறிவது என்ன?" என்று அதன் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அச்சில் வந்தபோது, சிறுவன் அழுதுகொண்டே தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்டிருந்தான். கீழே தடித்த எழுத்தில், "ஆகவே குழந்தைகளே, பெரியவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது" என்றிருந்தது. இரண்டுமே நான் எழுதியவை அல்ல. பெயர் மட்டும் என்னுடையது.

கோபம் ஆறியபின் யோசித்தால், அவர் பெரியதொரு மரபின் வாரிசாகவே தெரிகிறார். இங்கிலாந்தில் 1671-இல் ஜேம்ஸ் ஜேன்வே வெளியிட்ட சிறுவர் நூல், பக்தியோடு வாழ்ந்து இளம் வயதிலேயே இறந்த குழந்தைகளின் கதைகளைச் சொன்னது. சாவுக்குத் தயாராக்குவதே அதன் நோக்கம். கற்பதை விளையாட்டுப் போல ஆக்கலாம் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693-இல் எழுதினார். அந்த வழியில், 1744-இல் ஜான் நியூபெரி வெளியிட்ட சிறு புத்தகம் மகிழ்ச்சியையும் போதனையையும் சேர்த்தே தருவதாகச் சொல்லிக்கொண்டது. சிறுவர்களுக்கு அதனோடு ஒரு பந்தும், சிறுமிகளுக்குக் குண்டூசி குத்திவைக்கும் மெத்தையும் விற்கப்பட்டன. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நற்செயலுக்குச் சிவப்பில் ஓர் ஊசி, குறும்புக்குக் கறுப்பில் ஓர் ஊசி. விளையாட்டுப் பொருளே கணக்குப் புத்தகமாகிவிட்டது பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்த சான்று இத்தாலியில் இருக்கிறது. கார்லோ கொலோடி என்ற எழுத்தாளர், சிறுவர் இதழொன்றில் தாம் தொடராக எழுதிவந்த கதையின் நாயகனான பினோக்கியோ என்ற மரப்பொம்மையை 1881-இல் மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்துவிட்டார். சொல்பேச்சுக் கேளாத பொம்மைக்கு அதுவே தக்க முடிவு என்றுதான் நீதிக்கதையின் இலக்கணம் சொல்லும். ஆனால் வாசகர்கள் விடவில்லை. அடுத்த ஆண்டு பொம்மை உயிர்பெற்றுத் தொடர் நீண்டது, 1883-இல் நூலாகவும் வந்தது. கடைசியில் பினோக்கியோ திருந்தி நல்ல பையனாகிறான் என்பதை நானும் அறிவேன். ஆனாலும் நமக்கு நினைவில் நிற்பவன் பொய் சொல்லி மூக்கு நீண்ட அந்தப் பொம்மைதானே?

'அப்படியானால் நீதியே கூடாதா?' என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் அப்படிச் சொல்லவில்லை. பஞ்சதந்திரமே அரசகுமாரர்களுக்குப் பாடம் சொல்ல எழுந்ததாகத்தான் அதன் முகவுரை கூறுகிறது. ஆனால் கிணற்று நீரில் தன் நிழலைக் கண்டு பாய்ந்த சிங்கத்தின் கதையில், வலியவனை எளியவன் எப்படி வெல்வது என்பது நிகழ்ச்சியிலேயே கரைந்திருக்கிறது, வால்போல ஒட்டப்படவில்லை. மறுபுறம், ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஹான்சல், கிரெத்தல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவிடத் தூண்டுபவள் பெற்ற தாய்; பின்வந்த பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். அந்தத் திருத்தம் குழந்தையைக் காப்பாற்றியதா, தாய்மை பற்றிய பெரியவர்களின் எண்ணத்தைக் காப்பாற்றியதா என்பது எனக்கு இன்றளவும் சந்தேகம்தான்.

என் கதை வெளிவந்த இதழை அப்போது ஏழு வயதான என் மகளிடம் கொடுத்தேன். மூலக்கதையை நான் சொல்லி அவள் முன்பே கேட்டிருந்தாள். வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனவள் அந்தத் தடித்த வரியில் நின்று, "இதை யாருப்பா சொல்றது? அந்தப் பையனா, அவன் அப்பாவா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் இல்லை என்றேன். "அப்போ இதைப் படிக்க வேண்டாம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.