ரஸ்தாவில் ஒரு ஸ்டூடியோ

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பெங்களூரில் வேலை. போன மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். வளவில் (வீட்டின் உள்முற்றம்) நின்று போட்டோ எடுத்தார்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து ரீல்ஸ் போட்டார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். எங்கள் ஐயாவுக்கு (அப்பாவைப் பெற்றவர்) தொண்ணூறு வயது நெருங்குகிறது. அவர் இவர்களிடம், "சினிமாவே இங்கதான் தம்பி எடுத்தாங்க. ரஸ்தாவுல டி.ஆர். மகாலிங்கத்தை நான் பார்த்திருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சந்தேகம்தான். இது உண்மையா? வீட்டையும் கோழிக்குழம்பையும் விட்டால் எங்கள் ஊரைப் பற்றிப் பேச வேறு எதுவும் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஐயா சொன்னது நிஜம். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஏவி.எம். என்றதும் வடபழனியும் அந்தச் சுழலும் உருண்டையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். அங்கே அவருடைய தகப்பனார் கடை வைத்திருந்தார், கிராமபோன் ரெக்கார்டும் அதில் விற்றது. மெய்யப்பன் சென்னைக்கு வந்து, ரெக்கார்டு வியாபாரத்திலிருந்து படத் தயாரிப்புக்குப் போனார். சொந்த ஸ்டூடியோ வேண்டும் என்று நினைத்த நேரம் உலகப் போர்க்காலம். சென்னையில் புதிதாக ஒரு ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மனிதர் யோசித்தார், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. அவைதான் படப்பிடிப்புத் தளங்கள்.

'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். கதாநாயகன் டி.ஆர். மகாலிங்கம், ஆகவே உங்கள் ஐயாவின் கணக்கு சரியாகவே இருக்கிறது. 1947 ஜனவரியில் படம் வெளிவந்தது. அதில் பாரதியின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' வருகிறது. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடுகிறார். "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்று பாரதி எழுதியபோது நாடு சுதந்திரம் அடையவில்லை. படம் வந்தபோதும் அடையவில்லை, இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. ரஸ்தாவில் ஒரு கொட்டகைக்குள் விளக்கைப் போட்டு ஒரு சிறுமியை ஆடவைத்து முன்கூட்டியே கொண்டாடிவிட்டார்கள்! அந்த வருஷம் ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு தியேட்டரில் அந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாரதி பாடல்களின் உரிமையை மெய்யப்பன் விலைக்கு வாங்கி வைத்திருந்ததும், பிறகு அது பெரிய பேச்சாகி, 1949-இல் அவர் அதை அரசுக்கு விட்டுக்கொடுத்ததும் தனிக்கதை. 'வேதாள உலகம்' படமும் ரஸ்தாவில்தான் எடுத்தார்கள். அப்புறம் சென்னையில் மின்சாரம் கிடைத்தது. 1948-இல் ஸ்டூடியோ வடபழனிக்குப் போய்விட்டது.

சரி, இவ்வளவு பெரிய விஷயத்தை ஊர் ஏன் பேசுவதில்லை? என் எண்ணம் இதுதான்: செட்டிநாட்டில் தேக்கிலும் கருங்கல்லிலும் இருப்பவை நின்றுவிட்டன, கீற்றிலும் காகிதத்திலும் இருந்தவை போய்விட்டன. கேமராவுக்கு முன்னால் எது நிற்கிறதோ அதற்குத்தான் கதை. உங்கள் நண்பர்கள் ரஸ்தாவுக்குப் போயிருந்தால் எதைப் பின்னால் வைத்து ரீல்ஸ் எடுப்பார்கள்? மற்றபடி யாரும் திட்டமிட்டு மறைத்துவிடவில்லை.

கட்டடம் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் தினமும் கூட்டம். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர், அந்த அரண்மனையைக் கட்டிய ராஜா அண்ணாமலைச் செட்டியார் குடும்பம்தான் என்று அங்கே எத்தனை பேர் சொல்கிறார்கள்? அதேபோல சிராவயல் என்றால் மஞ்சுவிரட்டு. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா அங்கே ஆசிரமம் நடத்தியதும், 1927-இல் காந்தி தேடி வந்து அவரைப் பார்த்ததும் ஒருவரியில் முடிந்துவிடுகிறது. மாடு ஜெயித்துவிட்டது, வேறென்ன!

ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது கோட்டையூர்க்காரர் ஒருவரைப் பற்றி. கோட்டையூர் என்றால் வள்ளல் அழகப்பச் செட்டியார் நினைவுக்கு வருவார், நியாயம்தான். அதே ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. பலகை எழுதிச் சம்பாதித்ததைக் காகிதத்தில் போட்டார். பழைய புத்தகங்கள், நின்றுபோன பத்திரிகைகள் என்பதோடு விட்டிருந்தால் புத்தகப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்தார்.

நாடக நோட்டீஸைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய தாள், ரோஸ் அல்லது மஞ்சள். நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், ஆர்மோனியம் யார், டிக்கெட் எவ்வளவு, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று எல்லாம் அதிலேயே இருக்கும். மறுநாள் அதில் கடலை மடிப்பார்கள். அதைப் போய் ஒருவர் பத்திரமாக அடுக்கிவைப்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்? இன்றைக்குத் தமிழ் நாடகத்தைப் பற்றியும் ஆரம்பகாலச் சினிமாவைப் பற்றியும் ஆராய்கிறவர்களுக்கு அந்த நோட்டீஸ்தான் சாட்சி. எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், யார் நடித்தார்கள் என்பது பெரும்பாலும் வேறு எங்கும் பதிவாகவில்லை.

1992-இல் அவர் காலமானார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்த அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நல்லவேளை, கப்பல் ஏற்றவில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று சென்னையில் நிறுவினார்கள், இப்போது தரமணியில் இருக்கிறது. உங்கள் நண்பர்களில் வாசிக்கிறவர் யாராவது இருந்தால், அடுத்த தடவை சென்னை போகும்போது அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அதுவும் செட்டிநாடுதான்.

இனி உங்கள் வேலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை உங்களுக்குத் தெரியும். எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், மரத்தூண் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. காகிதம் மட்டும் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. உங்கள் வீட்டிலும் இரண்டாங்கட்டிலோ மேல்வீட்டு அறையிலோ ஒரு டிரங்குப் பெட்டி கட்டாயம் இருக்கும். பங்காளிகள் சேர்ந்து ஒழித்துப்போடுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள். பேரேட்டுக்கு நடுவில் சொருகிய நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அந்தக் காலத்துப் போட்டோ எது இருந்தாலும் கிழிந்திருக்கிறதே என்று எறிய வேண்டாம், நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

அதைவிட அவசரம் ஐயா. போனில் ரெக்கார்டு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது, பார்க்க யாரோடு போனார், உள்ளே விட்டார்களா விரட்டினார்களா, மகாலிங்கம் என்ன உடுத்தியிருந்தார் என்று கேளுங்கள். "சினிமா எடுத்தாங்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று முடித்துவிடுவார், சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.