சிறையில் தம்பியை அடிக்கிறார்கள் என்றால்

விசாரணைக் கைதியான தம்பியை அதே பிளாக்கில் சிலர் அடிக்கிறார்கள், புகார் கொடுத்தால் இன்னும் மோசமாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். பிளாக் மாற்றக் கேட்டு சிறைக் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். நகல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100க்கு அழைக்கலாம்.

காவல் நீட்டிப்பின்போது, வீடியோவில் என்றாலும் சரி, தம்பியே நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) காயத்தைக் காட்டி மருத்துவப் பரிசோதனை கேட்கட்டும். இதுதான் முக்கியம். இன்னொரு கைதி பட்ட சித்திரவதையைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றிருக்கிறது.

அப்புறம், இது எந்தப் பிரிவு வழக்கு? வேறு வழக்கு இருக்கிறதா? அதைச் சொன்னால் ஜாமீன் பற்றியும் பேசலாம்.