அடுப்பு இரண்டு, சூப் ஒன்று

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. மாமனார் காலமான பிறகு மாமியாரைத் தனியாக விட மனமில்லாமல், கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி, ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் என் கணவரின் அண்ணன் குடும்பம். மாமியார் எங்களோடு சாப்பிடுகிறார். போன மழைக்கு ஓடு மாற்றிய செலவில் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம். சண்டை என்று ஒன்றும் இல்லை, பேச்சு நின்றுவிட்டது. என் பிள்ளைகளும் ஆளுக்கொரு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருநாள் பால் பணியாரம் செய்து ஓரகத்திக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பாத்திரம் நிறையச் சர்க்கரையோடு திரும்பி வந்தது. கடனை அடைத்த மாதிரி இருந்தது எனக்கு. எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைக்கலாமா? என்ன செய்தால் இந்த வீட்டில் பழையபடி பேச்சும் சிரிப்பும் வரும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் அந்தச் சர்க்கரையைப் பற்றிப் பேசிவிடலாம். அது உங்களைக் குத்தியிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் பக்கத்துப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கோபம் இருந்தாலும் உங்கள் ஓரகத்தி அந்த மரியாதையை விடவில்லை. கதவைச் சாத்த நினைக்கிறவர் பாத்திரத்தைக் கழுவி, பிள்ளை கையில் வெறுமனே கொடுத்தனுப்பியிருப்பார். அதனால் சர்க்கரையை நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அடுப்பு இருப்பதும் பிரச்சினை இல்லை. செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைப்பது' பழைய வழக்கம்தானே. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை ஒதுக்கி, பண்டபாத்திரமும் அரிசி பருப்பும் கொடுத்து, உன் குடும்பத்தை நீ நடத்து என்று விட்டுவிடுவார்கள். ஒரே வீட்டில் நாலைந்து புள்ளி, அதாவது நாலைந்து தனிக் குடும்பம், நாலைந்து உலை. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய், மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். அதுவரை இங்கே பெண்கள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரே உலையில் அத்தனை பேருக்கும் பொங்கியிருந்தால் யார் எவ்வளவு அரிசி போட்டார்கள் என்பதிலேயே வீடு உடைந்திருக்கும். சோறு வேறாக இருந்ததால் மனசு ஒன்றாக இருக்க முடிந்தது. ஆகவே இரண்டு அடுப்பையும் ஒன்றாக்கும் யோசனை ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

விருந்தும் இப்போது வேண்டாம். பேச்சு நின்றுபோன வீட்டில் விருந்து வைத்தால் வருகிறவர்களுக்கும் கூச்சம், வைக்கிறவருக்கும் பதற்றம். இலையில் எத்தனை வகை, எதிர்விருந்து எப்போது, என்ன செய்வது என்று உடனே இன்னொரு கணக்கு ஆரம்பித்துவிடும். பணியாரத்துக்கே சர்க்கரை வந்தது. விருந்துக்கு என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்வது சூப். வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, ஒரு சட்டி சூப். இது சாப்பாட்டில் சேராது. இதைக் குடித்துவிட்டு அவரவர் அடுப்படிக்குப் போய் அவரவர் இட்லியோ இடியாப்பமோ சாப்பிடலாம். யாருடைய சமையலையும் இது குறை சொல்லாது. ஒரு ஆள் கூடுதலாக வந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் கூட ஊற்றி, கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் ஆயிற்று. பல் போன மாமியாரும் குடிக்கலாம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் குடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், சூடான சூப்பை அவசரமாக விழுங்க முடியாது. ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் மனிதர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் நீங்களே எல்லாவற்றையும் செய்து, கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பணியாரத்தில் நடந்தது அதுதான். கொடுத்தால் வாங்கியவருக்குத் திருப்பித் தரவேண்டிய பாரம் வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, கேளுங்கள். பின்கட்டில் அவர்கள் பக்கம் ஒரு முருங்கை நின்றால் அங்கிருந்தே தொடங்கலாம். "ஆச்சி, அத்தைக்கு வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலை. முருங்கைக்கீரை சூப் வைக்கலாம்னு பார்க்கிறேன், ரெண்டு கொப்பு ஒடிச்சுக்கட்டுமா?" என்று ஓரகத்தியிடம் நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளைகளைத் தூது விட வேண்டாம். முருங்கை இல்லையென்றால் கறிவேப்பிலை, அதுவும் இல்லையென்றால் ஒரு கை சின்ன வெங்காயம். ஓடு மாற்றிய செலவில் எவ்வளவு வருத்தம் இருந்தாலும் மாமியாருக்குக் கீரை இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கீரை, உங்கள் அடுப்பு என்று ஆகிவிட்டால் அந்தச் சூப் இரண்டு பேருடையதும் ஆகிவிடும். அப்புறம் "வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க ஆச்சி" என்று கூப்பிடுவதில் என்ன கூச்சம்?

கொப்பை முந்தின நாள் சாயங்காலமே ஒடித்து, ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் பிரித்து உதறினால் இலை பாதிக்கு மேல் தானாகக் கொட்டிவிடும். மிச்சத்தை உருவுவது பிள்ளைகள் வேலை. எட்டுப் பேருக்கு நான்கு கைப்பிடி கீரை, பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு தக்காளி, எட்டுத் தம்ளர் தண்ணீர் போதும். இரண்டு கரண்டி பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு ஒரு சிட்டிகை சோம்பு பொரிந்ததும், நசுக்கிய பூண்டும் வெங்காயமும் வதங்கட்டும். தக்காளி கரைந்த பிறகு தண்ணீர், மஞ்சள்தூள், பருப்பு. நன்றாகக் கொதி வந்த பிறகு கீரையைப் போடுங்கள், மூடி போடாதீர்கள். மூடினால் கீரை நிறம் கெட்டுப் பழுப்பாகிவிடும். ஐந்தாறு நிமிஷம் போதும். இறக்குகிற நேரத்தில் மிளகும் சீரகமும் தட்டிப் போடுங்கள். பொடி டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவதற்கும் அப்போதே தட்டிப் போடுவதற்கும் வாசனையில் நிறைய வித்தியாசம் உண்டு, அந்த வாசனை வளவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்.

உப்பைக் கடைசியில் போடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அவர் பங்கை உப்புப் போடும் முன்பே எடுத்து வைத்துவிட்டு, அதில் எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டு விடலாம், உப்புக் குறைவு தெரியாது. சிறுநீரகக் கோளாறு யாருக்காவது இருந்தால் கீரை, தக்காளி சூப்பெல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான். இவற்றில் பொட்டாசியம் அதிகம்.

பிள்ளைகள் விஷயம் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். போனைப் பிடுங்கி வைக்காதீர்கள், அது இன்னொரு சண்டையில் போய் முடியும். கைக்கு வேலை கொடுங்கள். சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு உரிக்கச் சொல்லுங்கள், தோல் லேசாக வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. பெரியவன் இருந்தால் உரலில் மிளகு இடிப்பது அவன் பொறுப்பு. ஈரக்கையோடும் மிளகுக் கையோடும் யாரும் போனைத் தொடப்போவதில்லை. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளையும் இதற்குக் கூப்பிடுங்கள். பெரியவர்கள் பேசாமல் இருப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பார்க்கப்போனால் இந்த மௌனத்தில் அதிகம் இழப்பது அவர்கள்தான், அண்ணன் தங்கை என்று வளரவேண்டிய வயதில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்கிறார்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் வருத்தம் தந்தது அதுதான்.

மாமியாரை இதில் வெறுமனே குடிக்கிறவராக உட்கார வைத்துவிடாதீர்கள். பக்குவம் அவரிடம் கேளுங்கள். சோம்பு எவ்வளவு, பூண்டை நசுக்கலாமா, முழுசாகப் போடலாமா என்று ஒவ்வொன்றும். அடுப்படி வாசலில் ஒரு மணை போட்டு உட்காரவைத்துவிட்டால் அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். கணவரை இழந்த பிறகு, இரண்டு மகன்களும் பேசாமல் இருப்பதை ஒரே வளவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய் அவர். தன் வாய்ச்சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும்.

பரிமாறுவதை அடுப்படியில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது உங்கள் இடம். வளவில் வையுங்கள், அது இரண்டு பேருக்கும் பொது. சட்டியை நடுவில் வைத்து, வேண்டியவர் வேண்டியதை மொண்டு குடிக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நீங்களே ஆற்றிக் கொடுங்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மங்கு (எனாமல்) கோப்பைகள் வீட்டு அலமாரியில் இருந்தால், பூச்சு உதிராமல் இருப்பவற்றை எடுத்துத் துடைத்து வையுங்கள். பூட்டி வைத்த சாமான் எல்லோருக்கும் பொதுவானது. அதில் யாருடைய பாத்திரம் யாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்ற பேச்சே வராது.

முதல் நாள் ஓரகத்தி வராமல் போகலாம், பிள்ளையை மட்டும் அனுப்பலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த முறையும் அதே கிழமை, அதே நேரம் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் செவ்வாய், வியாழன் சூப் என்று பழகிவிட வேண்டும். தனியாகக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போவதுதான் நல்லது. அவர் வந்து "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்பை அவர் கையில் விட்டுவிடுங்கள். "எனக்குக் கால் சூப் பக்குவமா வராது ஆச்சி, நீங்க வைங்களேன்" என்று கேட்டால் போதும். விறகடுப்பில் மெல்லக் கொதித்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், குக்கரில் முக்கால் மணி நேரம். நேரம் இருந்தால் விறகடுப்பே நல்லது. எலும்பைச் சுற்றியுள்ள நரம்பும் தோலும் மெதுவாகக் கரைந்துதான் சூப்பு பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு வரும். அந்த இரண்டு மணி நேரமும் யாராவது அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே, நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஓடு மாற்றிய செலவு இருக்கிறதே, அதைச் சூப்பு கரைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது பணக் கணக்கு, உட்கார்ந்து பேசித்தான் தீரும். ஆனால் அதை நீங்களும் ஓரகத்தியும் பேசவேண்டாம், வளவில் சட்டி இருக்கும்போதும் யாரும் பேசவேண்டாம். இரண்டு மாதம் போகட்டும். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கால்பந்தோ வெயிலோ எதையாவது சாதாரணமாகப் பேசப் பழகட்டும். பிறகு உங்கள் கணவர் ரசீதுகளை எடுத்துக்கொண்டு, ஒரு காலை வேளையில் தானே அண்ணன் பக்கம் போகட்டும். முகப்பில் உட்கார்ந்து, "அண்ணே, இதை முடிச்சிருவோம்" என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்று நீங்கள் இருவரும் ஒரு தொகையை முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.